கூட நிற்கிற காலடி

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளை எல்லோரும் ஒயரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பேராசிரியரிலிருந்து வாசல் காவலாளிவரை அதே பெயர்தான். சோதனைக்கு வந்து உட்காருகிறவர்களின் தோலைத் துடைத்து, பசை தடவி, வட்ட வட்டமான வில்லைகளை ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு ஒயரைக் கோத்துவிடுவது அவள் வேலை. இரண்டு விரல்களில் வியர்வைக்கு, கழுத்தெலும்புக்குக் கீழே நெஞ்சடிப்புக்கு, கன்னத்தில் சிரிப்புக்கு, புருவத்துக்கு மேலே முகச்சுளிப்புக்கு. ஒட்டி முடித்ததும், பாடம் ஒப்பிப்பதுபோல எல்லோரிடமும் ஒன்று சொல்வாள்.

"பயப்படாதீங்க, இது பொய் பிடிக்கிற மெஷின் இல்ல. நீங்க பயந்தீங்களா, சந்தோஷப்பட்டீங்களான்னுகூட இதுக்குத் தெரியாது. உள்ளுக்குள்ள ஏதாவது அசைஞ்சா, அசைஞ்சதுன்னு சொல்லும். அவ்வளவுதான் இதுக்கு அறிவு."

யாரும் நம்பமாட்டார்கள். மனைவியிடம் எதையோ மறைத்துவிட்டு வந்தவர்கள்போல ஒரு சிரிப்புச் சிரித்து, ஒயர் மாட்டிய கையை மடியில் ஒளித்துக்கொள்வார்கள்.

முன்பெல்லாம் மனக்கணக்குப் போடச் சொல்வார்கள், பொய் ஸ்டியரிங் ஒன்றைப் பிடித்து ஓட்டச் சொல்வார்கள், பாம்புப் படத்தையும் பூப்படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். இந்த வருடம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனி வந்து சேர்ந்தது. இருட்டு வீடு ஒன்று. அதிலிருந்து வெளியே போகும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக்குள் ஏதோ ஒன்று இருக்கிறது. அதற்கு உருவம் கிடையாது, காலடிச் சத்தம் மட்டும்தான். கம்பெனிக்காரர்களும் அதற்குக் காலடி என்றே பெயர் வைத்திருந்தார்கள். அதற்குக் கண் இல்லை; ஆடுகிறவரின் உடம்பில் ஏறும் பயத்தை ஒயர் வழியாக மோப்பம் பிடித்துத்தான் தேடி வரும். பயம் ஏற ஏற ஓடி வரும். பயப்படாமல் சும்மா இருந்தால் வராது. சும்மா இருக்க யாரால் முடிகிறது? உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து நேரே வந்த ஒரு தடியன், "பயமா? எனக்கா?" என்று கடைசியில் பதில் தாளில் சிரிக்கிற முகத்தில் டிக் அடித்துவிட்டுப் போனான். ஒயரம்மாவின் திரையில் அவன் விரல் வியர்வைக் கோடு மேல் விளிம்பை முட்டி நின்றிருந்தது. ஒயரம்மா அவனுடைய சட்டை முதுகு நனைந்திருந்ததையும் பார்த்தாள், பாவம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அந்தக் காலடிச் சத்தத்தை மட்டும் அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆடுகிறவர் உள்ளறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவளுக்கு வெறும் கோடுகள்தான். இருமினால், தும்மினால் ஒரு பொத்தானை அழுத்தி அந்த இடத்தில் குறிப்பு எழுதி வைப்பாள். அந்தத் துள்ளலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒரு விளையாட்டு எவ்வளவு பயங்கரம் என்று கோட்டைப் பார்த்தே சொல்லிவிடக்கூடிய அவளுக்கு, அது என்ன விளையாட்டு என்று கேட்டால் உதட்டைப் பிதுக்கத்தான் தெரியும்.

அன்றைக்கு அவள் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். கல்லூரிக்குப் போகும் வழியில் அதைக் கொடுக்க மகள் வந்தாள். வருவதாகச் சொல்லியிருந்த ஆள் வயிற்றுவலி என்று கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டதால், ஆராய்ச்சி செய்யும் பெண் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒயரம்மா, உங்க பொண்ணை உட்கார வைக்கலாமா? பேரு ஊரு எதுவும் எழுதப் போறதில்ல."

"ஐயோ மேடம், இது கரப்பான் பூச்சிக்கே கட்டில்மேல ஏறி நிக்கும். உங்க மெஷின் உடைஞ்சுடும்."

"அம்மா சும்மா இரும்மா. நான் உட்காருறேன் அக்கா," என்று மகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மகளுக்கு ஒயர் மாட்டியது அதுதான் முதல் தடவை. கன்னத்தில் வில்லையை ஒட்டும்போது, சின்ன வயதில் முகம் கழுவிவிட்டதுபோல ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டாள். மகள் பழக்கம் மாறாமல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பெற்ற பிள்ளை எவ்வளவு வளர்ந்தாலும் தாடையைப் பிடித்தால் அதே முகம்தான் என்று ஒயரம்மா நினைத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளை என்றுதான் நினைத்தாள். அப்படி நினைப்பது அவளுக்கு மூச்சு விடுவதுபோல ஆகி எவ்வளவோ காலமாகிவிட்டது.

முதலில் சாம்பல் நிறத் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அதை பேஸ்லைன் என்பார்கள். ஒவ்வொருவரும் சும்மா இருக்கும்போது எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அசைந்தபோது எவ்வளவு அசைந்தார்கள் என்று தெரியும். மகளின் பேஸ்லைனே ஆடிக்கொண்டிருந்தது. விளையாட்டு தொடங்கியதும் கோடு விறுவிறுவென்று ஏறியது. ஒயரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"காலடி வருது," என்றாள் ஆராய்ச்சிப் பெண். அவள் திரையில் அந்த இருட்டு வீட்டின் வரைபடம் இருந்தது. மகள் ஒரு பச்சைப் புள்ளி, காலடி ஒரு சிவப்புப் புள்ளி.

கோடு இறங்கியது.

ஒயரம்மா குனிந்து பார்த்தாள். ஏதோ ஒயர் கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தாள். கோடு சரசரவென்று இறங்கி பேஸ்லைனைத் தொட்டு, அதற்கும் கீழே போய் அசையாமல் படுத்துக்கொண்டது. இப்படி ஒரு கோட்டை அவள் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள், நாற்காலியிலேயே தூங்கிப்போன ஒருவனிடம். எழுந்து உள்ளே போய் விரலைத் தொட்டுப் பார்த்தாள். வில்லை சரியாக ஒட்டியிருந்தது. விரல் காய்ந்து, வெதுவெதுப்பாக இருந்தது. மகள் தூங்கவில்லை, கண்ணைத் திறந்துகொண்டு அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்துக் கோடு மட்டும் மெல்ல உயர்ந்திருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒயரம்மா வெளியே வந்தபோது ஆராய்ச்சிப் பெண் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள். "இங்க பாருங்க. பயம் இல்லாட்டி இது தேடவே கூடாது. இது எப்படிப் போச்சு?" சிவப்புப் புள்ளி பச்சைப் புள்ளிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தது. பிடிக்கவும் இல்லை, போகவும் இல்லை. மகள் அடுத்த அறைக்குப் போனாள். சிவப்பும் அந்த அறைக்குப் போனது. அவள் நின்றால் நின்றது. நடை பழகும் குழந்தையின் பின்னால் கையை நீட்டிக்கொண்டு ஒருத்தி போவதுபோல, வீடு முழுக்க அவளை விட்டு விலகாமல் போனது.

வெளியே வந்த மகளின் கண்கள் ஈரமாக இருந்தன. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

"பயமா இல்லியாடி?"

"இல்லம்மா. நல்லா இருந்துச்சு. அந்தச் சத்தத்தை எங்கியோ கேட்டிருக்கேன்." பிறகு யோசித்துவிட்டு, "நாளைக்கும் வரட்டுமா?" என்றாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் பேசாத மனிதர். பேச வேண்டியதை எல்லாம் ஏதோ ஒரு காலத்தில் பேசி முடித்துவிட்டவர்போல இருப்பார். மகள் அந்த விளையாட்டைப் பற்றி வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். "அது எப்படி நடக்கும் தெரியுமாப்பா?" என்று கேட்டு, கரண்டியால் தட்டின் விளிம்பில் தட்டிக் காட்டினாள். நிதானமாக இரண்டு தட்டு. பிறகு ஒரு நிறுத்தம். ஒருவேளை நின்றேபோய்விட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு ஒரு நிறுத்தம். அதன் பின் விட்டதைப் பிடிக்க ஓடி வருவதுபோல ஒரு அவசரத் தட்டு. மறுபடி நிதானமாக இரண்டு.

கணவரின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை ஒயரம்மா பார்த்தாள். தன் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார்.

"அப்பாவுக்கு என்னாச்சு?" என்றாள் மகள், இன்னும் தட்டிக்கொண்டே.

அந்தத் தாளம் இந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். ஒயரம்மாவுக்கு ஒரு அக்கா இருந்தாள். பிறவியிலேயே நெஞ்சு தாளம் தப்பித்தான் அடிக்கும். சிறுமிகளாக ஒரே போர்வைக்குள் படுக்கும்போது, இடி இடித்தால் தங்கை அக்காவின் முதுகில் காதை வைத்துக்கொள்வாள். இரண்டு அடி, ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள், மூன்றாவது அடி வராவிட்டால் என்ன செய்வது என்று. அது வரும். எப்போதும் வந்தது, கடைசித் தடவை தவிர. பிரசவத்துக்குப் போன அக்கா ஒரு பெண் குழந்தையைப் பெற்றுப் போட்டுவிட்டு வீடு திரும்பவில்லை. குழந்தையைத் தங்கைதான் தூக்கி வந்தாள். ஒரு வருடம் ஆனதும் பெரியவர்கள் பேசி, அக்கா கணவருக்கே அவளைக் கட்டிவைத்தார்கள். அதுவரை மச்சான் என்று கூப்பிட்டுவந்தவரைப் பேர் சொல்லாமல் கூப்பிடப் பழகினாள். அக்கம்பக்கத்து வாய்களுக்குப் பயந்து ஊரின் மறுகோடிக்கு வீடு மாறினார்கள். பள்ளிக்கூடத்தில் அம்மா யார் என்று கேட்டபோது நான்தான் என்றாள். கூடத்துச் சுவரில் இருக்கும் படத்தைக் காட்டி, அது உன் பெரியம்மா என்று சொல்லிக்கொடுத்தாள். குழந்தை அந்தப் படத்தைப் பெரியம்மா, பெரியம்மா என்று கும்பிட்டுக்கொண்டே வளர்ந்தது.

மகள் தூங்கப் போன பிறகு, பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கணவர் வந்து நின்றார்.

"அது அவ."

"யாரு?"

"தெரியாத மாதிரி கேக்காதே. எத்தனை ராத்திரி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கேன். அது எப்படி உங்க மெஷினுக்குள்ள போச்சு?"

"தெரியல மச்சான்," என்றாள் அவள். சொன்ன பிறகுதான் எந்தப் பெயரால் கூப்பிட்டோம் என்று உறைத்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"பாப்பாவை இனிமே அங்க கூட்டிட்டுப் போகாதே," என்றார் அவர். "இவ்வளவு நாள் காப்பாத்திட்டோம்."

காப்பாற்றியது எதை என்று அவர் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும். உண்மை தெரிந்தால் மகள் வீட்டை விட்டு ஓடிவிடப் போவதில்லை. அவ்வளவு கல்நெஞ்சக்காரி இல்லை. ஒரே ஒரு சொல்தான் மாறும். அம்மா என்பது சித்தி ஆகிவிடும். வாய் தவறி அம்மா என்று கூப்பிட்டாலும் உள்ளே சித்தி என்று கேட்கும். அந்த ஒரு சொல் போனால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று நினைத்துப் பார்க்கவே ஒயரம்மாவுக்குத் துணிவில்லை.

காலையில் யாரும் வருவதற்கு முன் உள்ளறைக்குப் போய் ஹெட்போனை எடுத்து மாட்டினாள். விளையாட்டை ஓடவிட்டாள். இருட்டு வீட்டில் எங்கோ தூரத்தில் மரத்தரையில் பாதம் விழும் சத்தம். இரண்டு அடி, ஒரு நிறுத்தம். அவள் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்தாள். மூன்றாவது அடி வந்தது. போர்வைக்குள் இருந்த அந்தப் பழைய வெதுவெதுப்பு ஒரு கணம் காதோரம் வந்துபோனது. அடுத்த கணமே முதுகில் பனி இறங்கியதுபோல இருந்தது. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

விளையாட்டுக்குச் சத்தங்களை அமைத்த கம்பெனிச் சத்தக்காரர் அன்று நேரிலேயே வந்துவிட்டார். நேற்று நடந்ததைக் கேட்டுத் தூக்கம் போய்விட்டதாம். ஒல்லியான மனிதர், பேசும்போதும் விரலால் எதையாவது தட்டிக்கொண்டே இருப்பவர்.

"அந்தக் காலடிச் சத்தத்தை எங்க பிடிச்சீங்க சார்?" என்று ஒயரம்மா காபியை நீட்டிக்கொண்டே கேட்டாள், ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோல.

"அதுவா! பெரிய கதைம்மா. ஒரே சீரா நடக்கவிட்டா ஜனங்க ரெண்டு நிமிஷத்துல பழகிடுறாங்க, பயமே வரல. அப்புறம்தான் தோணுச்சு, மனுஷ நெஞ்சடிப்பை வச்சு நடக்கவிட்டா என்னன்னு. உங்க மெஷின்லயே மாதிரின்னு பேர் போட்டு ஒரு பதிவு இருந்துச்சு. திறந்து பார்த்தா, அடேங்கப்பா! ரெண்டு அடி, நிறுத்தம், அப்புறம் ஒரு ஓட்டம். அந்த நிறுத்தம்தாம்மா ஆளைக் கொல்லுது. நிக்குதா, வருதா, நமக்குப் பின்னால இருக்கா, ஒண்ணும் தெரியாது. அதை அப்படியே எடுத்து ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பாதத்தை வச்சுட்டேன். பயம் ஏறினா வேகமா ஓடும்."

"யாரோட பதிவு?"

"யாருக்குத் தெரியும். மெஷின் வாங்கினப்போ யாரையாவது உட்கார வச்சுச் சோதிச்சிருப்பாங்க. உங்க ஆளுங்க எல்லா இடத்துலயும் அப்படித்தானே பண்றாங்க?"

அப்படித்தான் செய்வார்கள். புது மெஷின் வந்தால் முதல் ஒயரைத் தங்கள் உடம்பில்தான் மாட்டிப் பார்ப்பார்கள். மாதிரி என்ற பெயரில் அந்தப் பதிவு அப்படியே கிடக்கும். மெஷினைத் தூக்கிப் போட்டு வேறு வாங்கினாலும் பழைய மாதிரியைப் புதியதில் ஏற்றிவிடுவார்கள், யாரும் அழிப்பதில்லை. ஒயரம்மாவுக்கு இந்த வேலை அக்காவால் கிடைத்தது. அக்கா இங்கேதான் ஒயர் மாட்டிக்கொண்டிருந்தாள். வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்க, ஒரு நாள் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்குப் புது மெஷினுக்கு நாங்கதாண்டி முதல் ஆளு. நானும் உள்ள இருக்கிறதும். ரெண்டு பேரையும் சேர்த்துப் பிடிச்சு வச்சிருக்கு."

மகள் அக்காவின் வயிற்றுக்குள் இருந்தபடி அப்போது கேட்டதைத்தான் இப்போதும் கேட்டிருக்கிறாள். அதுவரை ஒயரம்மாவால் விளங்கிக்கொள்ள முடிந்தது. ஆனால் பயத்தை மட்டுமே மோப்பம் பிடிக்கும் ஒன்று, பயமே இல்லாத அவளை எப்படித் தேடிப்போய்ப் பக்கத்தில் நின்றது? சத்தக்காரர் தலையைச் சொறிந்தார். அப்படி நிற்கவைக்க யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை என்றார். அந்தப் பெண்ணை இன்னொரு தடவை உட்காரவைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். வேண்டாம் என்று சொல்ல ஒயரம்மா வாயைத் திறப்பதற்குள் ஆராய்ச்சிப் பெண் மகளுக்குப் போன் போட்டுவிட்டாள்.

மத்தியானம் மகள் துள்ளிக்கொண்டு வந்தாள். நேற்று நடந்ததே இன்றும் நடந்தது. கோடு இறங்கிப் படுத்துக்கொண்டது, சிவப்புப் புள்ளி வந்து கூட நின்றது. சத்தக்காரர் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னைக்கே இந்தச் சத்தத்தைத் தூக்கிட்டு வேற போட்டுடுறேன்," என்றார். எதனால் இப்படி என்று பேராசிரியரைக் கேட்டுவிடுவோம் என்று இரண்டு பேரும் மாடிக்குப் போனார்கள்.

உள்ளறையில் அம்மாவும் மகளும் தனியாக இருந்தார்கள். மகள் தன் விரலிலிருந்து வில்லைகளைப் பிரித்துப் போட்டாள்.

"இப்போ நீ உட்காரு."

"எனக்கு வேலை இருக்குடி."

"ஊருக்கெல்லாம் ஒட்டுறே, உனக்கு யாரு ஒட்டுறது? உட்காரும்மா."

அவளை நாற்காலியில் தள்ளி உட்காரவைத்து, விரலைத் துடைத்துப் பசை தடவினாள். எங்கே கற்றுக்கொண்டாளோ, அழகாகத்தான் ஒட்டினாள். நெஞ்சுக்கான வில்லையை எடுத்தபோது ஒயரம்மா சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க வேண்டாம். விரல் மட்டும் போதும்."

"வெக்கமா?" என்று சிரித்துவிட்டு மகள் வில்லையைத் தட்டில் போட்டாள். ஆடுகிறவர்கள் தங்கள் கோட்டைப் பார்க்கக் கூடாது என்று சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்த சின்னத் திரையை இழுத்து இருவருக்கும் தெரியும்படி வைத்தாள். மேசைமேல் கிடந்த ஹெட்போனிலிருந்து அந்தக் காலடி மெல்லியதாகக் கசிந்துகொண்டிருந்தது. விளையாட்டை யாரும் நிறுத்தவில்லை.

"முதல் கேள்வி. ஃப்ரிட்ஜுல இருந்த என் கேக்கைத் தின்னது யாரு?"

"உங்க அப்பா."

கோடு துள்ளியது. மகள் கைதட்டினாள். "மாட்டிக்கிட்டே!"

"இது பொய் பிடிக்கிற மெஷின் இல்ல பாப்பா."

"கேக்கைப் பிடிச்சிருச்சே." மகள் நாற்காலியை இழுத்துப்போட்டு முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தாள். சிரிப்பு மெல்லக் குறைந்தது. "அம்மா, ராத்திரி முழுக்க யோசிச்சேன். வயித்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கு அம்மாவோட நெஞ்சுச் சத்தம் ஞாபகம் இருக்குமாம். எங்கியோ படிச்சேன். அந்தக் காலடி உன்னோட நெஞ்சுதானே? நான் வயித்துல இருந்தப்போ இங்க எடுத்ததுதானே? நீதானே அது?"

எவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டாள்! ஒயரம்மாவுக்குக் காது அடைத்தது. திரையைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆனால் வாய் தானாகத் திறந்தது, எவ்வளவோ காலமாகத் திறந்து பழகிய வாய்.

"ஆமா. நான்தான்."

கோடு அசையவில்லை.

மகள் நிம்மதியாக மூச்சு விட்டு, விசைப்பலகையை இழுத்து அந்த இடத்தில் உண்மை என்று எழுதினாள். ஒயரம்மா அந்தக் கோட்டையே பார்த்தாள். ஒரு சின்ன மேடுகூட இல்லை. கேக்குக்குத் துள்ளிய விரல் இதற்குத் துள்ளவில்லை. வந்து உட்காருகிறவர்களிடம் அவர்களுடைய பெயரைக் கேட்டால் கோடு இப்படித்தான் படுத்துக்கிடக்கும். அப்படியானால் இந்த உடம்புக்குள் அக்காவுக்கு ஒரு மூலைகூட மிச்சம் இல்லை. துடைத்து எடுத்தாகிவிட்டது. மேசைமேல் கிடந்த ஹெட்போனில் இரண்டு அடி விழுந்து நின்றது. இன்றைக்கு இந்தச் சத்தத்தையும் தூக்கிவிடப் போகிறார்கள்.

"பாப்பா, நான் சொன்னது பொய்," என்றாள். குரல் வேறு யாருடையதோபோல வந்தது. "அது பெரியம்மாவோட நெஞ்சு. அவதான் உன்னைப் பெத்தா. நான் உனக்குச் சித்தி."

கோடு எகிறியது. திரையின் உச்சியை முட்டி, அங்கேயே நின்று நடுங்கியது. அந்தத் தடியனுக்குக்கூட இப்படிப் போகவில்லை.

மகள் ஒரு கணம் வாயைப் பிளந்துகொண்டு திரையைப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா! இப்படி ஒரு பொய்யா! பாரு, கூரையை இடிக்குது! ஒரு நிமிஷம் நிஜம்னு நம்பிட்டேன், எனக்கே நெஞ்சு நின்னுபோச்சு."

"இல்ல பாப்பா, இது பொய் பிடிக்கிற—"

"தெரியும், தெரியும், எல்லார்கிட்டயும் இதைத்தானே சொல்றே." சிரித்துக்கொண்டே அந்தத் துள்ளலுக்குப் பக்கத்தில் பொய் என்று எழுதினாள். அவள் ஒரு தடவை திரும்பி முகத்தைப் பார்த்திருந்தால் போதும். அவள் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெஞ்சுக்கான வில்லை தட்டிலேயே கிடந்தது, கை எட்டும் தூரத்தில். அதை எடுத்து ஒட்டினால், தாளம் தப்பாமல் சீராக ஓடும் தன் நெஞ்சே சாட்சி சொல்லிவிடும். வேறு ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். ஒயரம்மா வில்லையைப் பார்த்தாள். மகள் இன்னும் சிரித்துக்கொண்டு, "என் அம்மா," என்று அவள் தோளில் தலையை முட்டினாள். ஒயரம்மா தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தாள்.

"நீ அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லல்ல? கேளு," என்று மகள் ஹெட்போனை எடுத்து அவள் காதில் மாட்டினாள். விரலில் ஒயர் இருப்பதை ஒயரம்மா மறந்தே போயிருந்தாள். கழற்றக் கையைத் தூக்கினாள். மகள் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

இருட்டு வீட்டின் அந்தக் கோடியில் இரண்டு அடி விழுந்தது. பிறகு நிறுத்தம். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் பயம் ஒயர் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது அடி விழுந்தபோது அது நடையாக இல்லை. அது ஓடத் தொடங்கியிருந்தது. ஒரு அறை, அடுத்த அறை, கூடம். தடுமாறி, நின்று, மறுபடி ஓடி, நேரே அவளைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

"பயப்படாதேம்மா," என்று மகள் அவள் விரல்களைத் தடவிக்கொடுத்தாள். "அது ஒண்ணும் பண்ணாது. சும்மா வந்து கூட நிக்கும்."